கடற்படையிலிருந்து வந்த அண்ணனும் அவருடைய நாட்டு நாயும்: ஒரு விரிவான பதில்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பதினைந்து ஆண்டுகள் கடற்படைக் கப்பல்களில், பெரும்பாலும் இன்ஜின் ரூமில், பணியாற்றி ஓய்வு பெற்று வந்த அவருடைய அண்ணன் இரவில் சரியாக உறங்குவதில்லை. உறங்கினாலும் அலறிக்கொண்டு எழுகிறார். வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மதினி பேசினால் பாதி நேரம் பதில் இல்லை. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தப் பக்கம் போவதேயில்லை. உச்சிப்புளி சாலையோரத்தில் கிடந்த ஒரு செவலைக் குட்டியை எடுத்து வளர்த்தார். இப்போது இரண்டு வயதாகும் அந்த நாய் கட்டிலருகே படுத்திருக்கும் இரவுகளில் மட்டும் ஓரளவு தூங்குகிறார். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்குப் பயிற்சி பெற்ற நாய்களைக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றை இங்கே எங்கு வாங்கலாம், அல்லது இந்தச் செவலையையே பழக்கிவிடலாமா என்று கேட்கிறார். "சண்டைக்கே போகாதவனுக்கு என்ன அதிர்ச்சி?" என்று அப்பா சொல்வதையும், ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்று உறவினர்கள் சொல்வதையும், மருத்துவர் என்ற பேச்சை எடுத்தாலே அண்ணன் எழுந்து போய்விடுவதையும் கடைசியில் சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வரியில்தான் கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் வர மறுக்கும் ஒருவரை ஒரு நாயே தேற்றிவிடுமா என்பதுதான் அவர் கேட்பது.

நான் கடற்படையில் மருத்துவ உதவியாளனாக இருந்து, பிற்பாடு மனநலச் செவிலியனாகப் பயிற்சி பெற்று, வெளியே வந்த பிறகு இந்த மாவட்டத்திலேயே முன்னாள் படைவீரர் குடும்பங்களோடு வேலை செய்து வருகிறவன். மருத்துவன் அல்லன், உங்கள் அண்ணனை நேரில் பார்த்தவனும் அல்லன். ஆகவே அவருக்கு இன்ன நோய் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். கேள்விக்குச் சுருக்கமான பதிலைச் சொல்ல முடியும். மன அதிர்ச்சியால் வரும் பாதிப்பை நாய் குணமாக்காது. ஆனால் சிகிச்சைக்கு வர முடியாதவரை வரக்கூடியவராக மாற்றும் வலிமை அதற்கு உண்டு. அதே நாய், பார்த்துப் பழக்காவிட்டால், அவர் ஒதுங்கியே வாழ்வதற்கு வசதியும் செய்து கொடுத்துவிடும்.

முதலில் அப்பாவின் கேள்வி. கடற்படையில் மனத்தைக் கலைக்கும் அனுபவம் பீரங்கிச் சத்தத்தோடுதான் வர வேண்டும் என்பதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும், 2017 இறுதியில் ஒக்கிப் புயலுக்குப் பிறகும் கடற்படைக் கப்பல்கள் கடலில் தேடியது உயிரோடு இருந்தவர்களை மட்டுமல்ல. 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பையில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கிக் கப்பல் வெடித்து 18 பேர் இறந்தபோது, முக்குளிப்போர் உள்ளே இறங்கி உடல்களை எடுக்க வேண்டியிருந்தது. 2021 மே மாதம் டவ்தே புயலில் மும்பைக்கு அப்பால் பி-305 மிதவைக்கலம் மூழ்கியபோது, போர்க்கப்பல்களின் மேல்தளத்தில் நின்று மனிதர்களை இழுத்தேற்றியவர்கள் பிறகு பிணங்களையும் இழுத்தேற்றினார்கள். அண்ணன் ஒருமுறை "தண்ணியிலிருந்து ஆளைத் தூக்குனோம்" என்று மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய் வரையறை, பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்) எனப்படும் இந்தப் பாதிப்பை உண்டாக்கக்கூடிய அனுபவங்களில் ஒன்றாக, பணியின் பகுதியாக மனித உடல்களைத் திரும்பத் திரும்பச் சேகரிக்க நேர்வதை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். மகன் சண்டைக்குப் போகாதது உண்மையாகவே இருக்கட்டும். அவர் பார்த்ததும் உண்மைதான்.

அந்த வரையறை நான்கு வகை அறிகுறிகளைக் கேட்கிறது. நினைவு தானாகவே உள்ளே புகுந்து வருவது, கெட்ட கனவும் இதில் சேரும். அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்ப்பது. மனம் மரத்துப்போதல், குற்றவுணர்வு, பிறர் மீது நம்பிக்கையின்மை. எந்நேரமும் விழிப்பாகவும் சட்டென்று திடுக்கிடுபவராகவும் இருப்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய் என்று பெயர். நீங்கள் எழுதியதில் நான்கின் சாயலும் இருக்கிறது. இருந்தாலும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியாட்களுக்கு இது பிடிபடாது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒன்று, உறக்கம். கப்பலில் இரவு என்பது தொடர்ந்து தூங்கும் நேரமன்று. நள்ளிரவு முதல் நான்கு மணி வரை மிடில் வாட்ச், நான்கு முதல் எட்டு வரை மார்னிங் வாட்ச் என்று பணிமுறைகளை மாறி மாறிப் பார்த்தவரின் உடம்பு, ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆன பின்னும் அதிகாலை மூன்றரைக்கு எழுந்துகொள்ளும். எழுந்து தண்ணீர் குடித்து, முற்றத்தில் ஒரு நடை நடந்துவிட்டு மறுபடி படுத்தால் அது பழக்கம், பயப்பட ஒன்றுமில்லை. வியர்த்து, மூச்சிரைத்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எழுந்தால் அது வேறு. இரண்டு வாரம் ஒரு காலண்டரில் இரண்டையும் தனித்தனிக் குறியிட்டு வையுங்கள். மருத்துவருக்கு நீங்கள் கொண்டு போகக்கூடிய மிகப் பயனுள்ள காகிதம் அதுதான். இரண்டு, காது. இன்ஜின் ரூமில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குக் கேட்கும் திறன் குறைவதும், காதுக்குள் ஓயாத இரைச்சல் இருப்பதும் சகஜம். மதினிக்கு அவர் பதில் சொல்லாதது கோபமா, மனம் மரத்ததா, அல்லது வெறுமனே கேட்கவில்லையா என்பதை ஒரு காது மருத்துவர் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். மனநல மருத்துவர் என்றால் எழுந்து போகிறவர் பலர், "காதைக் காட்டிட்டு வருவோம்" என்றால் கூட வருவார்கள். அது ஏமாற்று வேலையன்று; அதுவும் தேவையான சிகிச்சையே.

நம் கடற்கரைக்கே உரிய தூண்டுதல்களையும் கவனியுங்கள். விசைப்படகின் டீசல் புகை இன்ஜின் ரூமை அப்படியே மூக்குக்குக் கொண்டு வரும். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருப்பதால் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போவதும் புதிதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் அவருடைய உறக்கம் எப்படி இருந்தது என்று வீட்டில் யோசித்துப் பாருங்கள். தேறியிருந்தது என்றால் தூண்டுதல் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும்.

இனி, எது உறுதியாகத் தெரிந்தது, எது இன்னும் ஐயத்துக்குரியது என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். இந்த நோய்க்கு நடந்ததை நேராக எதிர்கொள்ள வைக்கும் பேச்சுச் சிகிச்சைகளே முதன்மையானவை என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பயிற்சி பெற்ற ஒருவரோடு உட்கார்ந்து, அந்த நினைவைச் சிறிது சிறிதாகச் சொல்லிப் பழகுவதும், தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகப் போய்ப் பழகுவதும் அவற்றின் உள்ளடக்கம். செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளும் பலருக்கு உதவுகின்றன. ஆனால் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், நடுவில் தானாக நிறுத்தக் கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இதற்கு மருந்தாகாது. அந்த வகை மாத்திரைகளை இந்த நோய்க்குத் தர வேண்டாம் என்றே சிகிச்சை வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. படைவீரர் கேன்டீனில் வாங்கும் மதுவும் அப்படித்தான். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும். பின்னிரவில் அந்தத் தூக்கம் உடைந்து, விட்ட இடத்திலிருந்து கனவு தொடங்கும். கேன்டீன் கார்டு யார் கையில் இருக்கிறது, மாதப் பங்கு எத்தனை நாளில் தீர்கிறது என்பதைச் சண்டையில்லாமல் கவனியுங்கள்.

நாயைப் பற்றிய ஆதாரம் இதைவிட மெலிந்தது; ஆனால் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை, பி.டி.எஸ்.டி. உள்ள 181 பேருக்கு நாய்களைக் கொடுத்து 18 மாதம் கவனித்தது. சிலருக்கு இந்த நோய்க்கென்றே வேலைகள் பழக்கப்பட்ட சேவை நாய். மற்றவர்களுக்கு நல்ல குணமும் கீழ்ப்படிதலும் மட்டும் உள்ள துணை நாய். அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நோயின் அறிகுறிகள் மட்டும் சேவை நாய் வைத்திருந்தவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் குறைந்தன. 2024-இல் வெளியான இன்னொரு ஆய்வு, 156 பேரில் சேவை நாய் பெற்றவர்களையும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களையும் ஒப்பிட்டு, மூன்று மாதத்தில் நாய் பெற்றவர்கள் தெளிவாகத் தேறியிருந்ததாகச் சொல்கிறது. அவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை; நாய் வந்த மகிழ்ச்சியில் முதல் சில மாதம் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும் என்ற ஐயத்துக்கும் இடமிருக்கிறது. நாய்க்கு நம் மனநிலை தெரியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: 2022-இல் பெல்ஃபாஸ்ட் நகர ஆய்வாளர்கள், ஒரே மனிதர் அமைதியாக இருந்தபோது எடுத்த வியர்வை, மூச்சு மாதிரிகளையும் பதற்றத்தில் இருந்தபோது எடுத்தவற்றையும் நான்கு நாய்களிடம் கொடுத்தார்கள். பத்தில் ஒன்பது முறைக்கு மேல் நாய்கள் சரியாகப் பிரித்துக் காட்டின. உங்கள் செவலை அண்ணன் அலறுவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துகொள்கிறது என்று நீங்கள் எழுதியது நம்பக்கூடியதே.

எங்கே வாங்கலாம் என்ற கேள்விக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பது. நாய்க்குச் சேவை நாய் என்று சான்று தர அரசு அங்கீகரித்த அமைப்பு எதுவும் நம் நாட்டில் இல்லை. ஆகவே இணையத்தில் விற்கும் சான்றிதழும் மேல்சட்டையும் அட்டையும் வெறும் காகிதம். அமெரிக்காவில் சேவை நாயைக் கடைக்குள்ளும் பேருந்துக்குள்ளும் அனுமதிக்கச் சட்டம் இருக்கிறது. நமது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறனில் சேர்க்கிறது என்றாலும், இப்படிப்பட்ட நாய்க்கென்று தனி ஏற்பாடு எதையும் செய்யவில்லை. ரயிலில்கூட, முதல் வகுப்பு ஏ.சி. அறையை முழுதாகப் பதிவு செய்தால்தான் நாய் உங்களோடு வரும். இல்லாவிட்டால் ரயில் கார்டின் பெட்டியில் உள்ள கூண்டுதான். ஆகையால் வெளியுலகத்துக்கான நாயை மறந்துவிட்டு, வீட்டுக்கும் தெருவுக்குமான நாயைப் பற்றி யோசிப்போம். லாப்ரடார் வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மே மாதத்து மண்டபம் வெயிலில் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. மண்டை என்ற நாட்டு நாய் வகைக்குப் பேர்போன சீமை இது. தெருச் செவலையும் இந்த மண்ணின் வெயிலுக்குப் பழகியதுதான்.

ஆனால் எல்லா நாயும் இந்த வேலைக்கு ஆகாது. ஒரு எவர்சில்வர் தட்டைப் பத்தடி தள்ளிக் கீழே போடுங்கள். திடுக்கிட்டுவிட்டு, சில நொடிகளில் வந்து தட்டை முகர்ந்து பார்த்தால் நல்ல நாய். கட்டிலுக்கு அடியில் போய் வெகு நேரம் வெளியே வராவிட்டால் அதற்கே ஒருவர் ஆறுதல் சொல்ல வேண்டும். அதன் மேல் இந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள். மதினியோ பிள்ளைகளோ அண்ணனை நெருங்கும்போது உறுமுகிறதா என்பதையும் பாருங்கள். உறுமினால் அதைப் பாசம் என்று மெச்ச வேண்டாம். பயிற்சியை நிறுத்திவிட்டு அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். நாட்டு நாய்க்கு இயல்பிலேயே காவல் புத்தி அதிகம். தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் இரவில் குரைத்தால், ஏற்கெனவே காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் மனிதரை அது மேலும் எழுப்பிவிடும். ஆகவே இரவில் அதன் இடம் வாசல் திண்ணையாக இருக்கக் கூடாது, உள்ளறையிலேயே இருக்கட்டும்.

பழக்குவதற்கு இரண்டே வேலைகள் போதும். முதலாவது, கெட்ட கனவிலிருந்து எழுப்புவது. இதைப் பகலில்தான் தொடங்க வேண்டும். அண்ணன் விழித்த நிலையில் கட்டிலில் படுத்து, கையைத் தொங்கவிட்டு, உறக்கத்தில் செய்வது போல லேசாக முனகட்டும். செவலை வந்து மூக்கால் அந்தக் கையைத் தொட்டவுடன் அவித்த முட்டைத் துண்டோ ஈரல் துண்டோ கொடுக்க வேண்டும். இதை அண்ணனே கொடுக்க வேண்டும்; வேறு யாரும் கொடுக்கக் கூடாது. சில நாளில் முனகலோடு காலை உதறுவதையும் சேர்த்து, பிறகு விளக்கை அணைத்து, பிறகு போர்வைக்குள் என்று மெல்ல மெல்லக் கூட்டலாம். ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது: தொடுவது கையையோ காலையோதான், முகத்தை ஒருபோதும் தொடக் கூடாது, தொட்டவுடன் நாய் ஓரடி பின்வாங்கி நிற்கப் பழக வேண்டும். கனவிலிருந்து பாதி எழுந்தவர் கைவீசி அடித்துவிடுவது உண்டு. அந்த அடி நாயின் மேல் விழுந்தால் அது மறுபடி அருகில் வராது. அதைவிட, அடித்துவிட்டோமே என்ற குற்றவுணர்வு அவரைப் பல நாள் உட்காரவிடாது. இதே காரணத்துக்காக மதினியும் அவரைத் தோளைப் பிடித்து உலுக்கக் கூடாது. கால்மாட்டிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, விளக்கைப் போட்டு, "மண்டபத்தில், நம்ம வீட்டில் இருக்கீங்க" என்று சொன்னால் போதும்.

இரண்டாவது, பதற்றம் ஏறும்போது மடியில் தலையையும் முன்னங்கால்களையும் வைத்து அழுத்தமாகச் சாய்ந்திருப்பது. இதற்குச் சொல்லிக் கொடுப்பதைவிட அனுமதி கொடுப்பதே முக்கியம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொடையைத் தட்டினால் வர வேண்டும், "போதும்" என்றால் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் செய்ய வேண்டியது நாயின் காது மடலைத் தடவுவதும், அதன் மூச்சு ஏறி இறங்குவதைக் கையால் உணர்வதும். கவனம் உடம்புக்கும் இந்த இடத்துக்கும் திரும்புவதற்கு அது ஒரு பிடிமானம்.

வெளிநாடுகளில் கற்றுத் தரும் இன்னொரு வேலையை நான் வேண்டாம் என்பேன். கூட்டத்தில் முதுகுப் பக்கம் நின்று காவல் காப்பது, அறைக்குள் முதலில் போய்ப் பார்த்து வருவது போன்றவை. பின்னால் ஆபத்து இருக்கிறது என்று நம்பும் மனத்துக்கு, ஆமாம் இருக்கிறது, அதனால்தான் நாய் நிற்கிறது என்று அவை நாள்தோறும் உறுதி சொல்கின்றன. இதைப் பற்றி நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பலன் உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். நான் பார்த்த வரையில், நாய் இருந்தால்தான் கடைத்தெருவுக்குப் போவேன் என்பது சில மாதத்தில் நாயை அழைத்துப் போக முடியாததால் கடைத்தெருவுக்கே போகமாட்டேன் என்று முடிகிறது. அதற்கு மாறாக, நாய்க்கு நடை தேவை என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் வாரம் தெருமுனை, அடுத்து ரயில் நிலையம் வரை, பிறகு கடல் கண்ணுக்குத் தெரியும் தூரம் என்று நடை நீளட்டும். எவ்வளவு தூரம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். தண்ணீருக்கு அருகே போகும் கட்டம் மட்டும் சிகிச்சையாளர் ஒருவர் பொறுப்பேற்ற பிறகு நடப்பது நல்லது.

நாயின் உடம்பையும் பார்க்க வேண்டும். ரேபிஸ் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். பெண் நாய் என்பதால் கருத்தடை செய்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணம். நடை முடிந்ததும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணியையும் சீமைக்கருவேல முள்ளையும் தேடுவதை அண்ணனின் அன்றாட வேலையாக்குங்கள். கடற்கரையில் வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீனை நாய் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, வாலை ஒடுக்குவது எல்லாம் நாய் மன அழுத்தத்தில் இருப்பதற்கு அடையாளம். ஒரு நாளில் சில மணி நேரமாவது அது வெறும் நாயாக, பிள்ளைகளோடு ஓடித் திரிய வேண்டும்.

ஏர்வாடியைப் பற்றி. தொழுகைக்கோ நேர்ச்சைக்கோ குடும்பமாகப் போய் வருவதில் நான் தலையிட மாட்டேன். போய் வந்து மனம் இலேசானவர்களை அறிவேன். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். மனநோயுள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியிடுவது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். வழிபாட்டோடு சிகிச்சையும் நடக்கட்டும்.

சிகிச்சைக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அண்ணன் ஓய்வூதியர் என்பதால், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இல் உறுப்பினராகியிருந்தால் அந்த வழியிலும் போகலாம். நேரில் வர மறுக்கும் வரை, அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்களே பேசி வழி கேட்கலாம். முப்படையினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்று அதன் தனிப் பிரிவு ஒன்று 2023 டிசம்பர் முதல் புனேயில் இயங்குகிறது. செத்துவிடலாம் என்ற பேச்சு, பொருள்களை யாருக்காவது கொடுத்துவிடுவது, நாயை இனி நீ பார்த்துக்கொள் என்பது போன்ற சொற்கள் வந்தால் காலண்டர் குறிப்பையும் நாய்ப் பயிற்சியையும் எல்லாம் ஒதுக்கிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். கேட்பதால் அது வருவதில்லை.

கடைசியாக நீங்கள் கேட்ட சிறிய கேள்வி: மருத்துவமனைக்குச் செவலையையும் கூட்டிப் போகலாமா? ஓ.பி. அறைக்குள் விட மாட்டார்கள், அதற்காக வாதாடாதீர்கள். ஒரு ஆட்டோவில் மூவரும் போங்கள். அண்ணன் உள்ளே போகும்போது நீங்கள் வெளியே மர நிழலில் நாயைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், மதினி அவரோடு உள்ளே போகட்டும். முதல் நாள் பத்து நிமிடம் பேசிவிட்டு வெளியே வந்துவிட்டாலும் போதும். அடுத்த தேதியை மட்டும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.